ஏழாவது நாற்காலி

ஓடிலியா பராஸாவை மாணவர் மன்றத்துக்கு யாரும் அறிவுக்காகக் கூப்பிடவில்லை, பேச்சுக்காகவும் கூப்பிடவில்லை. உட்காருவதற்காகக் கூப்பிட்டார்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. தான் வேலை செய்யும் பழக் கொட்டகையில் அவளே எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துச் சொன்ன விஷயம்தான்.

ரியோ செகோ சமுதாயக் கல்லூரி மன்றத்தில் பதிமூன்று இடங்கள். ஏழு பேராவது வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். அந்த ஏழுக்குக் கோரம் என்று பெயர். ஆறு பேர் வந்து மூன்று மணி நேரம் தொண்டை கிழியப் பேசினாலும் அது வெறும் அரட்டைதான். பதிமூன்று இடங்களும் நிரம்பியதாக எனக்குத் தெரிந்து சரித்திரமே இல்லை. பிள்ளைகளுக்கு நேரம் ஏது? பாதிப் பேர் விடியற்காலையில் பால் கறந்துவிட்டு வருகிறார்கள், மீதிப் பேர் வகுப்பு முடிந்ததும் பர்கர் கடைக்கு ஓடுகிறார்கள். தேர்தலில் நின்றவர்கள் ஐந்தே பேர். அந்த ஐந்து பேரும் ஜெயித்தார்கள், வேறென்ன. மிச்ச இடங்களுக்கு ஆள் பிடிக்கும் வேலை செயலாளர் பா ஹுவா லோர் தலையில் விழுந்தது.

பா ஹுவாவுக்குப் பத்தொன்பது வயது. குள்ளமான, வேகமாக நடக்கிற பெண், அகதிகளாக வந்து குடியேறிய மோங் இனத்தவள். செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓடிலியா இருந்த நூற்றுப்பதினாலாம் அறைக்குள் தலையை நீட்டினாள்.

"ஆன்ட்டி, செவ்வாக்கிழமை நாலரைக்கு நீங்க இங்கதான இருக்கீங்க?"

"ஆறு மணிக்கு கிளாஸு. அதுவரைக்கும் இங்கதான். ஏன் கண்ணு?"

"மன்றத்துல வந்து உக்காருங்களேன். ஒண்ணும் பேச வேண்டாம். ஆள் கணக்குக்குத்தான்."

"நானா? எனக்கு நாப்பத்திரெண்டு வயசு ஆச்சு புள்ள. உங்க கூட்டத்துல வந்து நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்?"

"ஒண்ணும் கிழிக்க வேண்டாம். உக்காந்தா போதும். பீட்சா உண்டு."

பீட்சாவுக்காக அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் நின்ற நிலையைப் பார்த்தால், அன்றைக்குப் பத்துப் பேரிடமாவது முடியாது என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தவள் போலிருந்தது. பாவமாக இருந்தது, சரி என்றுவிட்டாள்.

ஓடிலியா காலை ஆறிலிருந்து மூன்று வரை பழங்கள் ஓடிவரும் பெல்ட்டின் முன்னால் நின்று நல்லதையும் அழுகலையும் பிரிப்பவள். கோடையில் பீச், குளிரில் ஆரஞ்சு. கணவன் ஒவிதியோ நெடுந்தூர லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், துணி துவைத்துக்கொண்டு திங்கட்கிழமை போய்விடுவான். ஒரே மகள் யாரெலிக்கு ஏழு வயது. யாரெலி பாலர் வகுப்பில் இருந்தபோது ஓடிலியா அங்கே உதவிக்குப் போவதுண்டு. ஒருநாள் அந்த ஆசிரியை, "ரெண்டு பேர் சேந்து அடக்க முடியாததுங்க, நீங்க வந்து தரையில உக்காந்தா தானா வந்து உக்காருதுங்க. இதையே வேலையா பண்ணலாமே?" என்றாள். அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மாலை வகுப்பு, இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. அவளுடைய முழங்கால்கள் சிமெண்ட் தரையில் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே அந்த ஒன்றரை வருடத்தை அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடங்களைத் தாங்கிப் பிடித்தது நூற்றுப்பதினாலாம் அறை. கல்லூரிக் குழந்தைகள் காப்பகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். வகுப்புக்குள் குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது. மாணவர் மன்றத்தின் பொறுப்பில் சும்மா கிடந்த ஓர் அறையில் தாய்மார் சிலரும் தகப்பன்மார் இருவரும் ஒரு பாயை விரித்து, கிரையான் பெட்டி ஒன்றை வைத்து, முறைபோட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். உனக்குச் செவ்வாய் வகுப்பு என்றால் நான் பார்க்கிறேன், எனக்கு வியாழன் என்றால் நீ பார். யாரும் உத்தரவு போட்டு வந்த ஏற்பாடு இல்லை அது.

மன்றத்தில் ஓடிலியா சொன்னபடி உட்கார்ந்தாள். ஜன்னலோரத்து நாற்காலி. மடியில் ஃபெல்ட் துணி, கத்தரிக்கோல். பாலர் வகுப்புப் பாடத்துக்குக் கம்பளிப்புழுவும் ஆப்பிளும் வெட்டிச் சேர்க்க வேண்டும், அந்த வேலை அங்கே நடந்துவிடும். பிள்ளைகள் பேசுகிற பேச்சு அவளுக்குத் தமாஷாக இருந்தது. ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், அப்புறம் விவாதம், அப்புறம் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். மாணவர் கிளப்புகள் கடைபோடும் கிளப் நாளன்று போடும் டீ-சர்ட் பச்சையா நீலமா என்று நாற்பது நிமிடம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் சாம்பல் நிறம் வந்தது. கிளப் நாளில் பா ஹுவா ஒற்றை ஆளாக நின்று, மாவுத்தாளில் காய்கறி வைத்துச் சுருட்டிய ரோல் நானூறு பொரித்தாள். ஓடிலியா பக்கத்தில் நின்று மடித்துக் கொடுத்தாள். கை ஓட்டத்தில் இருவரும் நிறையப் பேசினார்கள், சினேகிதம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஓட்டெடுப்பு வந்தால் ஓடிலியா பா ஹுவாவின் கையைப் பார்த்து அதன்படி கையைத் தூக்குவாள். ஆறு மாதத்தில் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைவன் டெரெக் சில்வெய்ரா, "மிஸ் ஓடி, நீங்க வந்தாத்தான் நாங்க சட்டப்படி மனுசங்க" என்று கும்பிடுவான். பால்பண்ணைக் குடும்பத்துப் பையன். கூட்டம் தொடங்குமுன் சின்ன மரச் சுத்தியலால் மேசையைத் தட்டும்போது அவன் முகத்தில் ஒரு கல்யாண மாப்பிள்ளைக் களை வரும்.

இந்த டெரெக்தான் பிப்ரவரியில் நூற்றுப்பதினாலைக் கேட்டான்.

கெட்ட எண்ணத்தில் கேட்டான் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். காலை வகுப்புக்கும் மதிய வகுப்புக்கும் நடுவே போக்கிடம் இல்லாமல் கார்களுக்குள் சுருண்டு தூங்குகிற பையன்கள் நாற்பது பேராவது இருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு அறை இருந்தால் அங்கே வந்து உட்காருவார்கள், நாலு பேரைத் தெரிந்துகொள்வார்கள், படிப்பைப் பாதியில் விட்டு ஓட மாட்டார்கள் என்பது அவன் வாதம். அதில் நியாயம் இருந்தது. மாலையில் மட்டும் பிள்ளைகள் இருக்கட்டுமே என்று யாரோ கேட்டதற்கு, விலையுயர்ந்த சாதனங்கள் இருக்கிற இடத்தில் குழந்தைகளை விட முடியாது, காப்பீட்டுக்காரர்கள் ஒப்பமாட்டார்கள் என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது.

பா ஹுவாவுக்கும் ஒரு தீர்மானம் இருந்தது. பட்டமளிப்பு விழா எப்போதும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கோழி இறைச்சி ஆலையில் பகல் ஷிப்ட். எந்தக் காரணத்துக்காக ஒரு நாள் நின்றாலும் ஒரு கரும்புள்ளி, ஆறு புள்ளி சேர்ந்தால் வேலை போயிற்று. அப்பாவுக்கு ஐந்து ஏற்கெனவே விழுந்திருந்தது, முதுகு வலியில் படுத்த நாட்கள். சனிக்கிழமை வைத்தால் அவரைப் போன்றவர்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள் என்று அவள் கார் நிறுத்துமிடத்தில் நின்று நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியிருந்தாள். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. "எங்க அப்பா ஒரு தடவ கூட என் ஸ்கூலுக்குள்ள வந்ததில்ல ஆன்ட்டி. இதுக்காவது வரட்டும்" என்று ரோல் பொரித்தபோது சொன்னாள்.

இரண்டு தீர்மானங்களும் ஒரே செவ்வாய்க்கிழமை வந்தன. அறை ஏழாவது, சனிக்கிழமை எட்டாவது. இரண்டும் நிறைவேறி நிர்வாகத்துக்குப் போய்ச் சேரக் கெடு வெள்ளிக்கிழமை நண்பகல், தவறினால் அடுத்த வருடம்தான். அன்றைக்குப் பார்த்து ஊரெல்லாம் சளிக் காய்ச்சல், வந்தவர்கள் சரியாக ஏழு பேர்.

ஓடிலியாவின் கையில் கத்தரி ஓடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த தலைகளை எண்ணினாள். டெரெக்கையும் சேர்த்து அவன் பக்கம் நால்வர். இந்தப் பக்கம் அவள், பா ஹுவா, எந்நேரமும் தூங்கி வழிகிற ஒரு நர்சிங் மாணவன். எப்படி எண்ணினாலும் நாலுக்கு மூன்றுதான். அறை போனால் செவ்வாய் வகுப்பும் போயிற்று, வியாழன் வகுப்பும் போயிற்று, ஒன்றரை வருடமும் போயிற்று.

"ஏழாவது தீர்மானம், வழிமொழிஞ்சாச்சு. இன்னும் யாராச்சும் பேசணுமா?" என்று டெரெக் கேட்டான். பா ஹுவா அவளைப் பார்த்தாள். பேசுங்கள் ஆன்ட்டி என்கிற பார்வை. ஓடிலியா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வாய் கேட்டதும் திறந்துவிடுமா என்ன?

பேச வரவில்லை, எழுந்திருக்க வந்தது. துணியையும் கத்தரியையும் பையில் திணித்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளினாள். ஏழில் ஒன்று போனால் ஆறு. ஆறு என்றால் கூட்டம் இல்லை, ஓட்டு இல்லை, அறை தப்பியது. எட்டாவது தீர்மானமும் அதோடு சேர்ந்து சாகும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நடந்தாள். பா ஹுவாவின் பக்கம் மட்டும் திரும்பாமல் நடந்தாள்.

மன்றக் கூட்டம் பொதுக் கூட்டம், கதவைச் சாத்தக் கூடாது. தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற அவளுக்கு உள்ளே பேசியது முழுதும் கேட்டது.

"மிஸ் ஓடி பாத்ரூம் போயிருப்பாங்க. யாரும் கேக்கலன்னா எண்ண வேண்டியதில்ல, ரூல் அப்படித்தான் இருக்கு. ஓட்டெடுத்துடலாம்." இது டெரெக். குரல் தணிந்து, "பா, உனக்கும் நல்லதுதான். ரெண்டும் இன்னிக்கே முடிஞ்சிரும். நீ கண்டுக்காத."

உள்ளே குறிப்பேட்டின் தாள் புரண்டது. பிறகு பா ஹுவாவின் குரல் வந்தது. "மணி அஞ்சு இருபத்திரெண்டு. ஆறு பேர். கோரம் இல்ல. நான் எழுதிட்டேன்."

"அடிப்பாவி! உன் தீர்மானமும்தான போச்சு!"

"எண்ணத் தெரியும் டெரெக்."

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். இந்த நிமிடமே ஒட்டினாலும் வெள்ளிக்கிழமை ஐந்தரை ஆகிவிடும். கெடுவுக்கு ஐந்தரை மணி நேரம் இடித்தது. உள்ளே அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்து அலுத்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பா ஹுவா கடைசியில் வந்தாள்.

"ஆன்ட்டி, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"எனக்கே தெரியாதும்மா. எந்திரிச்ச பொறவுதான் தெரியும்."

"சரி," என்றாள் பா ஹுவா. திட்டியிருந்தால் தேவலை. வழக்கமான வேகம் இல்லாமல் கார் நிறுத்துமிடத்துப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

அடுத்த இரண்டு வாரம் ஓடிலியா ஆரஞ்சு பிரித்தாள், அழுகலையும் நல்லதையும் மாற்றி மாற்றிப் போட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். எட்டாவதை முதலில் எடுங்கள் என்று கேட்டு, அது நிறைவேறிய பிறகு எழுந்து போயிருக்கலாம். விதிப்படி அது செல்லும், ஒரு கையைத் தூக்கிக் கேட்டால் போதும். ஆறு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அதைத் தெரிந்துகொள்ளாமல் கம்பளிப்புழு வெட்டிக்கொண்டிருந்தோமே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெல்ட்டில் பக்கத்தில் நிற்கும் சினேகிதி ரெஃபுகியோ, "ரூமு தங்குச்சுல்ல? அப்புறம் ஏன்டி எழவு வீட்டு மூஞ்சிய வச்சிருக்க?" என்று கேட்டாள். ஓடிலியா ஒரு நல்ல பழத்தை எடுத்து அழுகலோடு போட்டாள்.

மார்ச் மாதக் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். டெரெக் எழுந்து, மாணவர் விவகாரம் பார்க்கிற டீனிடமிருந்து வந்த கடிதம் ஒன்றை வாசித்தான். கெடுவைத் தளர்த்தும்படி அவன்தான் எழுதிக் கேட்டிருந்தான். டீனின் பதில் இது: அன்று ஓர் உறுப்பினர் வேண்டுமென்றே வெளியேறிக் கூட்டத்தைக் கலைத்தார் என்று மன்றத்தின் குறிப்பேட்டில் இருந்தால், அன்றைய இரண்டு தீர்மானங்களையும் இப்போது எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பது மாதிரிக் காரணமென்றால், அது யார் குற்றமும் இல்லை, கெடு கெடுதான்.

"அனுமதி கெடச்சா கெடைக்கட்டும்னு ரெண்டையும் மறுபடி நிகழ்ச்சி நிரல்ல ஒட்டியிருக்கேன். மொதல்ல போன கூட்டத்துக் குறிப்பு. பா, வாசி" என்றான் டெரெக்.

பா ஹுவா தலையைத் தூக்காமல் வாசித்தாள். ஏழாவது தீர்மானம் வரை எல்லாம் இருந்தது. பிறகு, "உறுப்பினர் பராஸா, குழந்தையின் உடல்நிலை காரணமாக, ஐந்து இருபத்திரெண்டுக்கு வெளியேறினார். கோரம் இல்லாமல் கூட்டம் முடிந்தது."

ஓடிலியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் தன் அப்பாவின் சனிக்கிழமையைத் தன் கையாலேயே அடித்துவிட்டு அறையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். டீன் கடிதம் எப்போது வந்ததோ, பா ஹுவா எப்போது படித்தாளோ! செயலாளர் வழியாகத்தானே எல்லாக் கடிதமும் வரும்.

"குறிப்புல திருத்தம் ஏதாச்சும் இருக்கா?" என்றான் டெரெக். எந்தக் கூட்டத்திலும் கேட்கிற கேள்வி, யாரும் பதில் சொன்னதில்லை. சுத்தியல் பாதி தூரம் இறங்கியிருந்தது.

"இருக்குது," என்றாள் ஓடிலியா.

மற்றப் பத்துத் தலைகளும் திரும்பின. அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

"எம் பொண்ணுக்கு அன்னிக்கி ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்தா, படம் வரஞ்சுக்கிட்டு இருந்தா. அவ மேல போடாதீங்க. ஓட்டு நடக்கக் கூடாதுன்னு நாந்தான் எந்திரிச்சுப் போனேன். தெரிஞ்சுதான் போனேன்."

டெரெக் சுத்தியலைக் கீழே வைத்தான். அவனுக்கே சங்கடமாகிவிட்டது. "மிஸ் ஓடி, நான் எனக்கு எதிராவே சொல்றேன். நீங்க வாயத் தொறக்காம இருந்தா ரூமு உங்களுக்குத்தான். புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரியாம என்ன? எழுதச் சொல்லு."

பா ஹுவா பேனாவைப் பிடித்தபடி இருந்தாள், எழுதவில்லை. "ஆன்ட்டி, வேணாம். நான் அப்பாகிட்ட சொல்லியாச்சு. அவரு பரவால்லன்னுட்டாரு."

"அவரு சொல்லுவாரு. அப்பன் வேற என்ன சொல்லுவான்? எழுது கண்ணு."

"ஆன்ட்டி..."

"எழுதுங்கறேன்ல! நான் போனதால உன் தீர்மானமும் செத்துச்சுன்னு அதையும் சேத்து எழுது."

பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. திருத்தத்தை நர்சிங் மாணவன் வழிமொழிந்தான், அன்றைக்கு விழித்துக்கொண்டுதான் இருந்தான். ஆட்சேபணை இல்லை. பிறகு ஏழாவது தீர்மானம் வந்தது. இந்தத் தடவை ஓடிலியா இடத்தைவிட்டு அசையவில்லை. பேசினாள். பாயையும் கிரையான் பெட்டியையும் பற்றி, காப்பகம் ஐந்துக்குப் பூட்டுவதைப் பற்றி, தன் முழங்காலைப் பற்றிக்கூடப் பேசினாள். கோர்வையாக வரவில்லை, சொன்னதையே இரண்டு தடவை சொன்னாள். இருவர் மனம் மாறினார்கள். அது போதவில்லை. ஆறுக்கு ஐந்து, அறை போயிற்று. எட்டாவதுக்குப் பதினோரு கைகளும் உயர்ந்தன. டெரெக்கின் கைதான் முதலில் உயர்ந்தது.

அறையைப் பிப்ரவரியிலேயே தோற்றிருந்தாலும் இதே கதிதானே என்று நீங்கள் கேட்கலாம். ரெஃபுகியோவும் அதையே கேட்டாள், கொஞ்சம் காரமாகவே கேட்டாள். ஓடிலியா இந்தத் தடவை பெல்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழுகல் பழத்தை மட்டும் சரியாகப் பொறுக்கிப் போட்டாள். வரும் ஆகஸ்டிலிருந்து, யாரெலியை ரெஃபுகியோவிடம் விட்டுப் போகக்கூடிய சனிக்கிழமை காலை வகுப்பு ஒன்றே ஒன்று அவளுக்குத் தோதுப்படும். அந்த வேகத்தில் போனால் ஒன்றரை வருடம் நான்கு வருடம் ஆகும். பெயரைப் பதிந்துவிட்டுத்தான் வந்தாள்.

மே மாதத்து மூன்றாவது சனிக்கிழமை, கால்பந்து மைதானத்தில் விழா. ஓடிலியா யாரெலியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் நின்றாள். முடிந்ததும் கூட்டம் புல்தரையில் கலைந்து, குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து நின்றது. பா ஹுவாவைக் கண்டுபிடித்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது, ஒல்லியான மனிதர் ஒருவர் அவள் முன்னால் வந்து நின்றார். கோட்டு அவருக்கு இரண்டு அளவு பெரிது. கையில் செல்போன்.

"அம்மா, மன்னிக்கணும். எங்கள ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? எல்லாரும் சேந்து வரணும். என் மக பாஸ் பண்ணிட்டா."

அவருக்குப் பின்னால் தாயும் ஐந்து தம்பி தங்கைகளும் வரிசையாக நின்றார்கள். நடுவில் கறுப்பு அங்கியில் பா ஹுவா நின்றாள். அவள் ஓடிலியாவைப் பார்த்துவிட்டாள். அப்பாவிடம் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். ஓடிலியா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு போனை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போய் அவ பக்கத்துல நில்லுங்க ஐயா," என்றாள். "இன்னும் கொஞ்சம் நெருங்கி. ஆங், அப்படியே."

முதல் படத்தில் பா ஹுவா அழுதுகொண்டிருந்தாள். அதனால் ஓடிலியா இன்னொன்று எடுத்தாள்.